பன்னீர் ரோஜா யார் வீட்டுப் பிள்ளை?

ஓசூர்ப் பக்கமிருந்து வண்டியேறி வரும் ஒட்டு ரோஜா, வாங்கும்போது கையகலப் பூவோடுதான் நிற்கிறது. மதுரையிலோ திருச்சியிலோ ஒரு கோடையைப் பார்த்ததும் கிளை நுனியிலிருந்து கருக ஆரம்பிக்கிறது. அடுத்த கோடை முடிவதற்குள் தொட்டி காலி. அதே தெருவில், யார் எப்போது வைத்தார்கள் என்றே தெரியாத ஒரு பன்னீர் ரோஜா, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஆடு கடித்த இடத்திலிருந்து மறுபடி துளிர்த்து, மார்கழியிலும் பூக்கிறது, சித்திரையிலும் பூக்கிறது. இரண்டும் ரோஜாதான். ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது?

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். ‘அது நாட்டு ரோஜா, நம் மண்ணுக்குப் பழகியது’ என்பது ஒன்று. ‘அது அத்தர் எடுக்கும் டமாஸ்க் ரோஜா, விற்கும் அட்டையிலேயே ரோசா டமாசீனா என்று போட்டிருக்கிறதே’ என்பது மற்றொன்று. முதல் பதில் தவறு. இரண்டாவது பாதி சரி. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தவறு என்று பிரித்துப் பார்த்தால் அந்தச் செடி ஏன் சாகாமல் நிற்கிறது என்பதும் விளங்கிவிடும்.

நாட்டு ரோஜா என்று எதைச் சொல்வது?

தமிழகத்துக்குச் சொந்தமான காட்டு ரோஜா உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் மரம் பற்றி ஏறும் ரோசா லெஷெனால்டியானா அது. புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் பெயரைத் தாங்கியது. ஐந்தே இதழ், வெள்ளைப் பூ, கொடியாக ஓடும் உடம்பு. வங்காளத்தின் ஈரநிலங்களில் வளரும் ரோசா கிளைனோஃபில்லாவும் வெள்ளைதான், அதற்கும் ஐந்து இதழ்தான். அடுக்கடுக்கான இளஞ்சிவப்பு இதழோடு புதராக நிற்கும் பன்னீர் ரோஜாவுக்கு இவை இரண்டும் கிட்டத்து உறவல்ல. வீட்டுக் கொல்லையில் நெடுங்காலமாக இருப்பதால் ‘நாட்டு’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது, அவ்வளவே. மிளகாய்க்கும் கொய்யாவுக்கும்கூட நாட்டு வகை என்று சொல்கிறோம், அவை அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பதை மறந்து.

டமாஸ்க் ரோஜா வேறு கதை. பல்கேரியாவில் கசான்லக், துருக்கியில் இஸ்பார்த்தா, ஈரானில் காஷான் வட்டாரம், சவுதி அரேபியாவின் தாயிஃப் மலைப்பகுதி, நம் நாட்டில் கன்னோசி என்று அது பயிராகும் ஊர்களுக்கெல்லாம் பொதுவான ஓர் அம்சம் இருக்கிறது: அங்கே ரோஜா அறுவடைக்கு ஒரு பருவம் உண்டு. கசான்லக்கில் மே, ஜூன். கன்னோசியில் குளிர் விட்டுப்போகும் இளவேனில். அந்தச் சில வாரங்களுக்குள் பூவைப் பறித்துக் காய்ச்சி வடித்தாக வேண்டும். மீதி ஆண்டு முழுவதும் அந்த வயலில் முள்ளும் இலையும்தான். பன்னீர் ரோஜாவுக்கோ பருவமே கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தைத் தோட்டப் பழக்கம், நீர், உரம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அது செடியின் மரபுக்குள் இருக்கும் வித்தியாசம்.

பூக்கும் காலமே சாட்சி

ரோஜாவின் தளிர் நுனியில் பூ வைத்துவிட்டால் அந்தத் தளிரின் வளர்ச்சி அத்தோடு முடிந்தது. ஆகவே ஒவ்வொரு நுனிக்கும் இரண்டே வழி: இலை விட்டுக்கொண்டே நீள்வது, அல்லது பூவில் முடிவது. காட்டு ரோஜாக்கள் இளவேனிலில் துளிர்க்கும் முதல் தளிர்களில் மட்டும் பூ வைக்கும். அதன்பின் ஆண்டு முழுக்க எழும் தளிர்கள் நீண்டுகொண்டே போகும். இதற்குக் காவல் நிற்கும் ஒரு மரபணுவை ஆராய்ச்சியாளர்கள் கே.எஸ்.என். என்று குறிக்கிறார்கள். நாம் அதைப் ‘பூ நிறுத்தி’ என்று வைத்துக்கொள்வோம். பூ நிறுத்தி வேலை செய்யும்வரை நுனியில் மொட்டு உருவாகாது. இளவேனிலின் தொடக்கத்தில் அதன் வேலை தணிந்திருக்கும், அப்போது செடி பூக்கும். பிறகு அது விழித்துக்கொள்ளும், பூ நின்றுவிடும்.

சீனத்துத் தோட்டக்காரர்கள் மரபணு என்ற கருத்து உலகில் தோன்றுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்கு விதிவிலக்கான செடிகளைப் பொறுக்கி வளர்த்திருந்தார்கள். வெட்ட வெட்டப் பூக்கும் சீன ரோஜா அது. அதன் பூ நிறுத்தியில் என்ன கோளாறு என்பதை ஜப்பானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். மரபணுத் தொகுதிக்குள் இடம் விட்டு இடம் தாவும் துண்டு ஒன்று அந்த மரபணுவின் நடுவே போய் உட்கார்ந்துவிட்டது. பூ நிறுத்தி செயலற்றுப் போனது. நிறுத்த ஆளில்லாததால் ஒவ்வொரு தளிரும் பூவில் போய் முடிகிறது. தொடர்ந்து பூக்கும் புதர் ரோஜா திடீரென்று கொடியாக மாறி, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூப்பதைத் தோட்டக்காரர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். அப்படி மாறிய செடிகளில் தாவிய துண்டின் பெரும்பகுதி வெளியேறியிருந்தது. துண்டு போனதும் பூ நிறுத்தி மீண்டும் வேலைக்கு வந்துவிட்டது. ஒன்றோடொன்று சேர்ந்து தென்படும் இரண்டு பண்புகளில் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது பொதுவாகச் சிரமம். இங்கே செடியே முன்னும் பின்னும் நடந்து காட்டிவிட்டது.

இதிலிருந்து பன்னீர் ரோஜாவைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாம். சமவெளியில் பன்னிரண்டு மாதமும் பூக்கும் ரோஜாவில் சீன ரோஜாவின் பங்கு இருந்தாக வேண்டும். தூய டமாஸ்க்காக அது இருக்க முடியாது. தோட்டக்கலை நூல்கள் இதனை எட்வர்ட் ரோஜா என்றும், தாவரவியல் பெயராக ரோசா போர்போனியானா என்றும் குறிக்கின்றன. இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம் டமாஸ்க்கையும் போர்போனியானாவையும் கலப்பினம் செய்து பார்த்ததே இவை இரண்டும் வேறு என்ற அடிப்படையில்தான். ஒன்று எண்ணெய் மிகுந்தது, ஆனால் சில வாரமே பூக்கும். மற்றது நெடுங்காலம் பூக்கும், ஆனால் எண்ணெய் குறைவு.

இதற்கு ஒரு மறுப்பு எழும். டமாஸ்க்கிலேயே இலையுதிர் காலத்தில் இன்னொரு முறை பூக்கும் வகை உண்டே? உண்டு. பழைய ஐரோப்பியத் தோட்டங்களில் அதற்குத் தனி மதிப்பும் இருந்தது. ஆனால் அது இளவேனிலில் நிறையவும் இலையுதிர் காலத்தில் கொஞ்சமும் பூக்கிற செடி. நடுவில் நீண்ட இடைவெளி இருக்கும். ஒவ்வொரு தளிரும் பூவில் முடியும் சீன வழக்கம் அதனிடம் இல்லை. ஆண்டுக்கு எத்தனை முறை பூக்கிறது என்று எண்ணினால் குழப்பம்தான் மிஞ்சும். தளிர் நுனியைப் பார்த்தால் குழப்பமில்லை.

ஒரு செடி, ஒரு நூல், ஏழு வாரம்

கொல்லையில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு செடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பெயர் தெரியாது. கொத்தில் கடைசிப் பூவும் உதிர்ந்ததும் அந்தக் காம்பைப் பிடித்துக்கொண்டு கீழே வர வேண்டும். ரோஜாவின் இலை ஒற்றை இலையல்ல, பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை. பூவுக்குப் பக்கத்து இலைகளில் மூன்று சிற்றிலைதான் இருக்கும். இன்னும் கீழே ஐந்து சிற்றிலை கொண்ட நல்ல இலை வரும். அதற்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, வெட்டிய கிளையில் வண்ண நூல் ஒன்றைக் கட்டிவிடலாம். ஓரிரு வாரத்தில் அந்த இலைக்கக்கத்திலிருந்து செந்நிறத் தளிர் எழும். வெயில் காலமென்றால் வெட்டிய நாளிலிருந்து ஆறேழு வாரத்தில் விடை கிடைத்துவிடும். தளிர் நுனியில் மொட்டு இருந்தால் பூ நிறுத்தி செயலிழந்த செடி. மொட்டே இல்லாமல் முழநீளம் ஓடியிருந்தால் ஒருபருவச் செடி. ஒரே கிளையை நம்பாமல் நாலைந்து கிளைகளில் கட்டுவது நல்லது. தண்ணீர்ப் பற்றாக்குறையாலோ இலைப்பேனாலோ ஒரு தளிர் மொட்டைக் கருக்கிவிடக்கூடும்.

இந்தச் சோதனையில் தேறிய செடி பன்னீர் ரோஜாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடையில் விற்கும் ஒட்டு ரோஜாக்களும் சீன வழி வந்தவையே, அவையும் தேறிவிடும். எனவே அடுத்து உடம்பைப் படிக்க வேண்டும். டமாஸ்க்கின் சிற்றிலை சாம்பல் பூத்த பச்சை, அடிப்புறம் தடவினால் மென்மையான ரோமம். தண்டில் தடித்த வளைந்த முட்களுக்கு நடுவே ஊசிபோன்ற சின்ன முட்கள் மண்டிக் கிடக்கும். பூக்காம்பில் பிசுபிசுப்பான சுரப்பி மயிர் இருக்கும். புல்லி இதழ்கள் நீண்டு, ஓரங்களில் கிளைத்துப் பின்னோக்கி மடியும். சீன ரோஜா இதற்கு நேரெதிர்: வழவழப்பான தண்டு, எண்ணி விடக்கூடிய முட்கள், பளபளக்கும் கூர்நுனிச் சிற்றிலை மூன்றோ ஐந்தோ, பெரும்பாலும் கிளைக்காத புல்லி. எட்வர்ட் ரோஜாவில் இரண்டும் கலந்து கிடக்கும். இலையின் மேற்புறப் பளபளப்பு சீனப் பக்கத்தது. முட்டை வடிவில் அகன்ற சிற்றிலைகளும், பல இலைகளில் அவை ஏழாக இருப்பதும், பூக்காம்பின் சுரப்பி மயிரும் டமாஸ்க் பக்கத்தவை. பூ 6 முதல் 8 செ.மீ. அகலம், கொத்துக்குச் சில, தளர்ந்த கிண்ணம் போல விரிந்து சீக்கிரமே உதிரும். கடை ரோஜாவின் நீண்ட கூம்பு மொட்டு இதனிடம் இருக்காது.

பூவை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ரோஜாவைப் பூவை வைத்து அடையாளம் காணத்தான் எல்லோருக்கும் ஆசை, படங்களும் பூவையே காட்டுகின்றன. ஆனால் பூவின் நிறமும் இதழ் எண்ணிக்கையும் வெயிலுக்கும் வயதுக்கும் தண்ணீருக்கும் ஏற்ப மாறும். ஏப்ரல் வெயிலில் வெளிறிய பூவும் தை மாதத்து அடர்நிறப் பூவும் ஒரே கிளையில் வந்தவை என்று நம்பவே முடியாது. இலையும் முள்ளும் காம்பு மயிரும் அப்படி ஆட்டம் காட்டுவதில்லை. இன்னொரு பயனும் உண்டு. இலைக்காம்பின் அடியில் இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கும் இறகு போன்ற உறுப்புக்கு இலையடிச் செதில் என்று பெயர். அதன் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிந்திருந்தால் அந்தத் தளிர் ரோசா மல்டிஃப்ளோரா, அதாவது ஒட்டு ரோஜாவுக்கு அடியில் வேர் கொடுக்கும் செடி. அப்படிப்பட்ட தளிரை முளைக்கும் இடத்திலேயே பிய்த்தெறியாவிட்டால், சில மாதங்களில் மேலே இருந்த ரோஜா செத்து, கீழே இருந்தது ஆளத் தொடங்கும். ‘சிவப்பு ரோஜா வாங்கினேன், வெள்ளைப் பொடிப்பூவாக மாறிவிட்டது’ என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

வேலியில் நடந்த கலப்பு

இந்தியப் பெருங்கடலில் மொரீசியசுக்குப் பக்கத்தில் இருக்கும் ரியூனியன் தீவுக்கு அப்போது போர்போன் தீவு என்று பெயர். அங்கே நிலத்துக்கு வேலியாக ரோஜாவை நட்டு வளர்த்தார்கள். ஒரு வரிசை சீன ரோஜா, ஒரு வரிசை டமாஸ்க். 1817 வாக்கில் தாவரவியல் தோட்டப் பொறுப்பேற்று அங்கு வந்த பிரெயோன் என்ற பிரெஞ்சுக்காரரின் கண்ணில், இரண்டிலும் சேராத ஒரு செடி பட்டது. உள்ளூரில் அதற்கு ரோஸ் எதுவார் என்று பெயர் வழங்கியது. அதன் விதைகள் 1819இல் பாரிசுக்கு அருகே நெய்யி என்ற ஊரில் ஓர்லேயான் கோமகனின் தோட்டக்காரராக இருந்த ஜாக்கிடம் போய்ச் சேர்ந்தன. ஐரோப்பாவின் போர்போன் ரோஜாக் குலம் அவற்றிலிருந்து தழைத்தது. புகழ்பெற்ற மலர் ஓவியர் ரெதூத்தே தம் ரோஜா நூலில் அதை வரைந்தும் வைத்தார். எதுவார் இங்கே எட்வர்ட் ஆனார். இந்தச் செடி முதலில் கல்கத்தாவில் இருந்து, அங்கிருந்துதான் தீவுக்குப் போனது என்று கருதுவோரும் உண்டு. கப்பல்கள் இரு பக்கமும் போய்வந்துகொண்டிருந்த காலம், ஆகவே அதை அடியோடு தள்ள வேண்டியதில்லை. பெற்றோர் யார் என்ற கேள்விக்கு இரு கதையிலும் விடை ஒன்றே.

ஆனால் வேலிக் கதையில் ஓர் ஓட்டை இருக்கிறது. தொடர்ந்து பூக்கும் பண்பு ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று நல்ல பூ நிறுத்தியாக இருந்தாலே போதும், செடி ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். ஐரோப்பாவில் சீன ரோஜாவையும் உள்ளூர் ரோஜாவையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு முதல் தலைமுறையில் பெரும்பாலும் ஒருபருவச் செடிகளே கிடைத்தன. அப்படியிருக்க, வேலியில் ஒரே கலப்பில் எதுவார் பிறந்தது எப்படி? ஒரே கலப்பில் பிறந்திருக்காது என்பதே என் ஊகம். ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரின்றி நின்ற வேலி அது. முதல் கலப்பில் வந்த ஒருபருவக் கன்று மறுபடியும் பக்கத்துச் சீன ரோஜாவோடு சேர்ந்திருந்தால், பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிக்கு இரண்டு பிரதியும் செயலற்றதாக அமையும். பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பிள்ளை என்று எழுதிவைத்திருக்கலாம். பூவின் வடிவத்தில் டமாஸ்க் சாயல் குறைந்து தெரிவதும் இந்த ஊகத்துக்கு ஒத்துப்போகிறது.

மணம் என்ன சொல்கிறது?

பன்னீர் ரோஜாவை முகர்ந்தவர்கள் விடாப்பிடியாகச் சொல்வார்கள்: ‘கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இது அத்தர் வாசனை.’ வாசனை உண்மைதான். டமாஸ்க்கின் பங்கு செடிக்குள் இருப்பதால் அது வராமலிருந்தால்தான் வியப்பு. ஆனால் நம் மூக்கு பெற்றோரை அடையாளம் காட்டும், எந்தப் பிள்ளை என்று பிரித்துச் சொல்லாது. ரோஜா மணத்தில் முன்னிற்கும் ஃபீனைல் எத்தனால் என்ற பொருள் பல ரோஜாக்களுக்குப் பொதுவானது. அது தண்ணீரில் எளிதில் கரையும். இதழைக் காய்ச்சி வடித்தால் அது எண்ணெயில் தங்காமல் நீரோடு போய்விடும். பன்னீரின் வாசனைக்கு முக்கிய ஆதாரம் அதுவே. எனவே எட்வர்ட் ரோஜாவிலிருந்து நல்ல பன்னீர் வடிக்கலாம், அது டமாஸ்க் பன்னீர் போலவே மணக்கும். வித்தியாசம் தெரிவது எண்ணெய் எடுக்கும்போது. டமாஸ்க்கிலேயே ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். எண்ணெய் இன்னும் குறைந்த எட்வர்டை வைத்துக்கொண்டு அத்தர்த் தொழில் செய்தால் கட்டுப்படியாகாது. அத்தர்க்காரர்கள் சில வாரம் மட்டும் பூக்கும் செடியையே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

எதைத் தாங்கினால் கெட்டி?

மேலைநாட்டுத் தோட்ட நூல்களில் ஒரு ரோஜா ‘கெட்டி’ என்றால் பனியைத் தாங்கும் என்று பொருள். எத்தனை டிகிரி உறைபனியில் சாகாது என்பதை வைத்தே தரம் பிரிப்பார்கள். அந்த அளவுகோலில் பிரெஞ்சு காலிகா ரோஜாவும் டமாஸ்க்கும் மேலே நிற்கும், சீன ரோஜா கீழே போய்விடும். குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் பழக்கம் சீன ரோஜாவுக்குச் சரியாக வராது. துளிர்த்துக்கொண்டே இருக்கும் தளிரைப் பனி கருக்கிவிடும். சென்னையிலும் மதுரையிலும் பனி எங்கே வருகிறது? உறங்கப் பழகிய செடிக்கு இங்கே உறக்கம் கிடைக்காது. உறங்காத செடிக்கு இது சொந்த ஊர். ஐரோப்பாவில் எந்தப் பண்பு குறையாக எண்ணப்பட்டதோ, அதுவே இங்கே பன்னீர் ரோஜாவின் பலம்.

அப்படியானால் சீன வழி வந்த ஒட்டு ரோஜாவும் இங்கே கெட்டியாக இருக்க வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சீன ரத்தம் இருந்தும் அந்த வகைகள் பெரும்பாலும் ஐரோப்பாவின் இதமான தட்பவெப்பத்தில், பெரிய பூவுக்காகவும் நீண்ட காம்புக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. வெயிலைத் தாங்குகிறதா என்று அங்கே யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நிழல்குடிலில் சொட்டுநீரில் வளர்ந்ததைச் சமவெளி மொட்டைமாடியில் வைத்தால் செடிக்கு ஊரே மாறிவிடுகிறது. அத்தோடு ஒட்டு என்பது இரண்டு உயிர். மேலே கருகல் இறங்கி ஒட்டுக்குக் கீழே வந்துவிட்டால் வாங்கிய ரோஜா முடிந்தது, வேர் எவ்வளவு பலமாக இருந்தாலும் பயனில்லை. குச்சி நட்டு வளர்ந்த பன்னீர் ரோஜாவில் வேரும் கிளையும் ஒரே செடி. தரைமட்டம்வரை கருகினாலும் அடியிலிருந்து எழுவது அதே பன்னீர் ரோஜா. எட்வர்ட் ரோஜாவையே இந்தியாவில் பிற ரோஜாக்களுக்கு வேர் கொடுக்கும் செடியாகவும் வைத்திருக்கிறார்கள் என்பது, அதன் வேரின் தரத்துக்குத் தோட்டக்காரர்கள் கொடுத்த சான்றிதழ்.

வெயில் தாங்கும் ரோஜாவைத் திட்டமிட்டு உருவாக்கும் முயற்சியும் நம் பக்கத்தில் நடக்கிறது. கொடைக்கானலில் விரு வீரராகவன், கிரிஜா இணையர் ரோசா கிளைனோஃபில்லாவையும், வடகிழக்கின் ரோசா ஜைஜான்டியாவையும் கொண்டு புதிய கலப்பினங்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

குச்சியும் விதையும்

வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. முற்றிப் பென்சில் கனமுள்ள கிளையில் ஒரு சாண் நீளக் குச்சி வெட்டி, மழைக்காலத்தில் பாதியளவு மண்ணுக்குள் போகும்படி நட்டு, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் ஒன்று ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். பிறகு நிலத்தில் ஒன்றரை அடிக் குழி, மக்கிய தொழு உரம், செம்மண், நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில். தண்ணீர் தேங்கும் களிமண்ணை மட்டும் அது பொறுக்காது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளிக்கும். அதைப் பார்த்துவிட்டு யூரியா போடுவது வீண்செலவு, அது பெரும்பாலும் கார மண்ணில் இரும்பு கிடைக்காமல் வரும் சோகை. தொழு உரத்தைக் கூட்டி, மழைநீர் கிடைக்கும்போது நன்றாக ஊற்றிவிட்டால் தேறும். ஐப்பசி வாக்கில் கவாத்து செய்து காய்ந்த கிளைகளைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டிவிட வேண்டும். எல்லாத் தளிரும் பூவில் முடியும் செடி என்பதால், எத்தனை புதுத்தளிரோ அத்தனை கொத்துப் பூ.

வேலிக் கதையைப் பற்றி மேலே சொன்ன ஊகத்தைச் சோதிக்க விரும்புகிறவர்களுக்கும் இதே செடியில் வழி இருக்கிறது. சில பூக்களைப் பறிக்காமல் விட்டால் காய் பிடிக்கும். ரோஜா விதைக்கு முளைக்கக் குளிர் வேண்டும். ஈர மணலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் எட்டு வாரம் வைத்தால் போதும், சமவெளி ரோஜாவுக்குக் கிடைக்கக்கூடிய குளிர்காலம் அவ்வளவுதான். முளைத்த நாற்றுகளில் தொடர்பூ வகையாக இருப்பவை விரலளவு உயரத்திலேயே, இரண்டு மூன்று மாதத்தில் முதல் மொட்டைக் காட்டிவிடும். ஒருபருவ வகையானால் இரண்டு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். தாய்ச்செடியில் பூ நிறுத்தியின் இரண்டு பிரதியும் செயலற்றவையாக இருந்து, சுற்றுவட்டத்தில் வேறு ஒருபருவ ரோஜாவின் மகரந்தம் கலக்காமல் இருந்தால், எல்லா நாற்றும் சீக்கிரமே பூத்தாக வேண்டும். அப்படிப் பூக்காமல், சில கன்றுகள் மட்டும் மொட்டே வைக்காமல் கொடியாக ஓடினால், பேரப்பிள்ளைக் கணக்கை நான் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.